வாய்ட்னா என்ன? சிங்கப்பூர்ல இருக்கற நம்மாளுங்க அடிக்கடி கேக்கற கேள்விகள்

ஆங்கிலத்துல வி, ஓ, ஐ, டி-ன்னு நாலே எழுத்துல ஒரு வார்த்தை. இங்க பொறந்து வளந்த பிள்ளைங்கள்ல இருந்து போன மாசம் வேலை பர்மிட்ல வந்த தம்பி வரைக்கும் எல்லாருக்கும் தெரிஞ்ச வார்த்தைதான், ஆனா புளோக்குக்கு கீழ காலியா இருக்கற வாய்ட் டெக்குங்கற ஒரே அர்த்தத்துல மட்டும்தான் தெரியும். ஆஸ்பத்திரியில, வேலை ஒப்பந்தத்துல, கல்யாணப் பதிவுல, இன்ஷூரன்ஸ் பேப்பர்ல எல்லாம் அதே வார்த்தை வேற வேற வேலை பாக்குது, அங்க தப்பா புரிஞ்சுக்கிட்டா நமக்குத்தான் நட்டம். குடும்பத்துலயும் எங்க புளோக்குலயும் பேப்பரைத் தூக்கிட்டு வந்து "இதைக் கொஞ்சம் படிச்சு சொல்லுக்கா"ன்னு கேக்கறவங்களுக்கு சொல்லி சொல்லி சேந்ததை இங்க எழுதி வைக்கிறேன்.

முதல்ல, எப்படி உச்சரிக்கணும்?

வாய்ட். நம்ம வாய் இருக்குல்ல, அதோட ஒரு ட். மேல்பல்லு கீழ்உதட்டைத் தொடணும். உதட்டைக் குவிச்சு சொன்னா வெள்ளைக்கு சொல்ற ஒயிட் மாதிரி கேக்கும், போன்ல பேசும்போது எதிர்ல இருக்கறவங்க குழம்பிடுவாங்க.

சரி, அடிப்படை அர்த்தம் என்ன?

காலி. அவ்ளோதான் வேர். லத்தீன்ல காலியா இருக்கறதுக்கு இருந்த ஒரு சொல்லுல இருந்து பழைய பிரெஞ்சு வழியா ஆங்கிலத்துக்கு வந்துச்சு, வேக்கன்ட், வேக்குவம் எல்லாம் இதுக்கு சொந்தக்காரங்க. ஒரு இடம் காலியா இருந்தா வாய்ட், ஒரு பாத்திரத்தைக் காலி பண்ணா அதுவும் வாய்ட், ஒரு பத்திரத்துக்குள்ள இருக்க வேண்டிய சட்ட பலம் இல்லாம அது வெத்துக் காகிதமா இருந்தா அதுவும் வாய்ட். பெயர்ச்சொல்லாவும் வரும், வினைச்சொல்லாவும் வரும், பெயரடையாவும் வரும்.

தமிழ்ல இதுக்கு ஒரே வார்த்தை கிடையாது, அதைத் தேடறதுதான் தப்பு. இடத்துக்கு வெற்றிடம், காகிதத்துக்கு செல்லாது, உடம்புக்கு கழித்தல், மனசுக்கு வெறுமை. நாலையும் தனித்தனியா மனசுல வச்சுக்கிட்டா பாதிக் குழப்பம் போயிடும்.

வாய்ட் டெக்குக்கு ஏன் அந்தப் பேரு?

வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) கட்டின புளோக்குல தரைத்தளத்துல வீடு கட்டாம தூண் மட்டும் நிறுத்தி காலியா விட்டிருக்கறதால. கழகம் ஆரம்பிச்சது 1960-ல, ஆரம்பத்துல கட்டின பல புளோக்குங்கள்ல கீழயே வீடோ கடையோ இருந்துச்சு, இப்பவும் பழைய பேட்டைகள்ல பாக்கலாம். 1970-கள்ல கீழ காலியா விடறது வழக்கமாயிடுச்சு. காத்து வரும், மழைக்கு ஒதுங்கலாம், மேல இருக்கறவங்க எல்லாரும் ஒரே இடத்தைக் கடந்துதான் லிஃப்டுக்குப் போகணும், அதனால முகம் பாத்துப் பழகுவாங்க.

பேருதான் காலி. மலாய்க்காரங்க கல்யாணம், சீனர்களோட துக்க வீடு, நம்மாளுங்க பொங்கல், கருமாதிச் சாப்பாடு, பாலர் பள்ளி, மாமா கடைன்னு சொல்ற சின்ன மளிகைக்கடை, சதுரங்கக் கட்டம் போட்ட கல் மேசை, தபால் பெட்டி, இவ்ளோவும் அந்தக் காலி இடத்துலதான். விசேஷம் வைக்கணும்னா நகர மன்றத்துல அனுமதி வாங்கணும். நம்ம செய்தியில கீழ்த்தளம்னு எழுதுவாங்க, வீட்ல "புளோக்குக்கு கீழ"ன்னுதான் சொல்வோம், ரெண்டும் சரி. "வெற்றுத் தளம்"னு வார்த்தைக்கு வார்த்தை மாத்தி எழுதினா யாருக்கும் புரியாது.

ஆஸ்பத்திரியில நர்ஸ் "வாய்ட் ஆல்ரெடி?"ன்னு கேக்கறாங்களே, அது என்ன?

இதைத்தான் நான் எல்லாரும் தெரிஞ்சுக்கணும்னு நினைக்கிறேன். மருத்துவத்துல வாய்ட்னா சிறுநீர் கழிக்கறது. மூத்திரப்பையைக் காலி பண்றது, அவ்ளோதான். "ஒண்ணுக்குப் போயாச்சா"ன்னு கேக்கறாங்க.

எங்க அப்பாவுக்கு ஆபரேஷன் முடிஞ்சு மறுநாள் காலையில மூத்திர டியூப் எடுத்துட்டாங்க. எடுத்த அப்புறம் அவரா போறாரான்னு பாக்கணும், அதுக்காக நர்ஸ் ரெண்டு தடவை வந்து "அங்கிள், வாய்ட் ஆல்ரெடி?"ன்னு கேட்டிருக்காங்க, அப்பா ரெண்டு தடவையும் "நோ, நோ"ன்னு தலையாட்டியிருக்காரு, ஏன்னா அவருக்குத் தெரிஞ்ச வாய்ட் நம்ம புளோக்குக்கு கீழ இருக்கறது, ஆபரேஷன் முடிஞ்ச மனுஷனை எதுக்கு கீழ போனியான்னு கேக்கறாங்கன்னு நினைச்சிருக்காரு. ஆனா நடுவுல கழிவறைக்குப் போய் நல்லாவே போயிட்டு வந்திருக்காரு, யார்கிட்டயும் சொல்லல. சாயங்காலம் நான் போறப்ப திரும்ப டியூப் போடலாமான்னு பேசிட்டு இருந்தாங்க. நான் தமிழ்ல "யூரின் போச்சாப்பா?"ன்னு கேட்டேன். "ரெண்டு தடவை போயிட்டேனே"ன்னாரு. உடனே நர்ஸ் ஒரு சின்ன ஸ்கேன் மெஷினை எடுத்துட்டு வந்து தொப்புளுக்கு கீழ ஜெல் தடவி வச்சுப் பாத்தாங்க, திரையில 40 மில்லின்னு வந்துச்சு. டியூப் தேவைப்படல.

அந்த 40 மில்லி நம்பர் எதுக்கு?

அதுக்குப் பேரு போஸ்ட் வாய்ட் ரெசிடுவல். கழிச்ச அப்புறமும் பையில மிச்சம் எவ்ளோ நிக்குதுங்கற கணக்கு. பெரியவங்க மூத்திரப்பை சாதாரணமா 400, 500 மில்லி வரைக்கும் பிடிக்கும். போயிட்டு வந்த பிறகு மிச்சம் 50-க்குக் கீழ இருந்தா நல்லா காலியாகுதுன்னு எடுத்துப்பாங்க, வயசானவங்களுக்கு 100 வரைக்கும் பெருசா கவலைப்பட மாட்டாங்க. நிறைய மிச்சம் நின்னா தொற்று வரலாம், சிறுநீரகம் பாதிக்கலாம், அதனாலதான் விடாம கேக்கறாங்க.

சில டாக்டருங்க பிளாடர் டைரி குடுப்பாங்க. அதுல டைம் ஒரு பக்கம், வாய்டட் வால்யூம் ஒரு பக்கம் இருக்கும். எத்தனை மணிக்குப் போனீங்க, அளவு ஜாடியில எத்தனை மில்லி, அதை எழுதணும். என்ன குடிச்சீங்கன்னும் தனியா கட்டம் இருக்கும், ரெண்டையும் மாத்திப் போட்டுடாதீங்க.

நம்ம தமிழ்ல கழித்தல்னு சொல்றோம்ல, கணக்குல மைனஸும் கழித்தல்தான், உடம்புல இருந்து வெளிய போறதும் கழித்தல்தான். ஆங்கில வாய்ட் இங்க செய்யற வேலையை கழி அப்படியே செய்யுது, இதைப் பாத்தப்ப எனக்கு ரொம்ப சந்தோஷமா இருந்துச்சு. வீட்ல வயசானவங்க ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடி "வாய்ட்னு கேட்டா ஒண்ணுக்குன்னு அர்த்தம்"னு சொல்லி அனுப்புங்க, ப்ளீஸ்.

செல்லாதுன்னு சொல்றதா, ரத்துன்னு சொல்றதா?

ரெண்டும் ஒண்ணு இல்ல. நிறைய பேர் வாய்டுக்கு ரத்துன்னு எழுதறாங்க, இதுல எனக்கு உடன்பாடே இல்ல.

ரத்துங்கறது அரபியில இருந்து உருது வழியா நம்மகிட்ட வந்த சொல். ஏற்கெனவே உயிரோட இருந்த ஒண்ணை யாரோ ஒருத்தர் நிறுத்தினா ரத்து. டிக்கெட் ரத்து, லைசென்ஸ் ரத்து. அதுக்கு ஆங்கிலத்துல கேன்சல், அதிகாரத்துல இருக்கறவங்க பிடுங்கினா ரிவோக். செல்லாதுங்கறது வேற. செல்றதுன்னா போறது, காசு கைக்குக் கை போனா செல்லுது, கடைக்காரர் வாங்க மாட்டேன்னு திருப்பிக் குடுத்தா செல்லாக்காசு. அந்தக் காசை யாரும் ரத்து பண்ணல, அதுக்கே பலம் இல்ல. சட்டத்துல வர்ற வாய்ட் பெரும்பாலும் இந்த செல்லாக்காசு தான்.

தேதி முடிஞ்சு போனா எக்ஸ்பயர், காலாவதி. அதுவும் வாய்ட் இல்ல. காலாவதியான பாஸ்போர்ட் ஒரு காலத்துல செல்லுபடியானதுதானே.

வாய்டுக்கும் வாய்டபிளுக்கும் என்ன வித்தியாசம்? ஏபிள் சேத்தா மாறிடுமா?

தலைகீழா மாறிடும். வாய்ட் ஒப்பந்தம் ஆரம்பத்துல இருந்தே இல்ல, யாரும் போய் உடைக்க வேண்டியதும் இல்ல. நண்பர்களுக்குள்ள காசு கட்டி ஒரு பந்தயம் வைக்கிறீங்க, எழுதி கையெழுத்தும் போட்டுக்கறீங்க, தோத்தவர் தரல. கோர்ட்டுல போய் கேக்க முடியாது, ஏன்னா சூதாட்டம், பந்தயம்னு போடற ஒப்பந்தம் நல் அண்ட் வாய்டுன்னு சிங்கப்பூர் சிவில் லா ஆக்ட்லயே இருக்கு.

வாய்டபிள் ஒப்பந்தம் நல்லா உயிரோட இருக்கு, ஆனா ஏமாத்தப்பட்ட ஆளு வேணாம்னு சொன்னா விழுந்துடும். பழைய கார் ஒண்ணு வாங்குறீங்க, ஓடின கிலோமீட்டரைக் குறைச்சு சொல்லி வித்திருக்காங்க. நீங்க சொல்ற வரைக்கும் அந்த விற்பனை செல்லும். விஷயம் தெரிஞ்ச பிறகும் "பரவால்ல"ன்னு ஓட்டிக்கிட்டே இருந்தா நீங்களே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும், அப்புறம் பின்வாங்கறது கஷ்டம். அதனால வாய்டபிள்னு வக்கீல் சொன்னா கடிகாரம் ஓடுதுன்னு புரிஞ்சுக்கோங்க.

தமிழ்நாட்டு வணிகவியல் பாடத்துல வாய்டபிளுக்கு தவிர்தகு ஒப்பந்தம்னு ஒரு சொல் உண்டு. அருமையான சொல். ஏன்னா ஆங்கிலத்துல தவிர்க்கறதுக்கு இருக்கற அவாய்டுங்கற வார்த்தையும் இதே வாய்ட் குடும்பம்தான், ஒரு காலத்துல அதுக்குக் காலி பண்றதுன்னுதான் அர்த்தம். சட்டத்துல இன்னிக்கும் அந்தப் பழைய அர்த்தம் ஒட்டிக்கிட்டு இருக்கு. இன்ஷூரன்ஸ் பேப்பர்ல "கம்பெனி பாலிசியை அவாய்ட் பண்ணலாம்"னு வந்தா விலகிப் போறதுன்னு அர்த்தம் இல்ல, அந்த பாலிசியையே இல்லாம ஆக்கிடலாம்னு அர்த்தம். சர்க்கரை இருக்கறதை மறைச்சு ஃபார்ம் பூர்த்தி பண்றவங்க இந்த வரியைத் தேடிப் படிக்கணும்.

நல் அண்ட் வாய்டுன்னு ரெண்டு ஏன்? ஒண்ணு பத்தாதா?

பத்தும். நல்னாலும் ஒண்ணுமில்ல, வாய்டுன்னாலும் ஒண்ணுமில்ல. ஆங்கிலச் சட்டத்துல இப்படி ஜோடியா எழுதற பழக்கம் ரொம்ப நாளா இருக்கு. நாம "பேச்சுவார்த்தை"ன்னு சொல்ற மாதிரி எடுத்துக்கோங்க.

என் வேலை ஒப்பந்தத்துல ஒரு வரி செல்லாதுன்னு சொல்றாங்க. அப்ப என் மொத்த ஒப்பந்தமும் போச்சா? பர்மிட்டும் போயிடுமா?

இல்ல, போகாது. இந்தப் பயத்துலயே பல தம்பிங்க வாயைத் திறக்கறது இல்ல, அதனால இதைக் கொஞ்சம் விரிவா சொல்றேன்.

ஒரு ஞாயித்துக்கிழமை லிட்டில் இந்தியா பக்கம் தேக்காவுல சாப்பாட்டுக்கடையில ஒரு தம்பி மடிச்சு மடிச்சு நைஞ்சு போன ஒப்பந்தத்தை எடுத்து மேசையில விரிச்சாரு. புதுக்கோட்டைப் பக்கம். கட்டுமான வேலை. அதுல ஓவர்டைமுக்கு சாதாரண மணிக்கூலியே தரப்படும்னு ஒரு வரி, கீழ அவரோட கையெழுத்து. "கையெழுத்து போட்டுட்டேன்க்கா, இனிமே என்ன பண்ண முடியும்"னாரு.

சிங்கப்பூர் எம்ப்ளாய்மென்ட் ஆக்ட்ல எட்டாவது பிரிவு இதுக்குன்னே இருக்கு. சட்டம் குடுக்கற குறைந்தபட்சத்தைவிட மோசமான நிபந்தனை ஒப்பந்தத்துல இருந்தா அது சட்டவிரோதம், நல் அண்ட் வாய்ட், ஆனா எந்த அளவுக்கு மோசமோ அந்த அளவுக்கு மட்டும். டு தி எக்ஸ்டென்டுன்னு வர்ற அந்த வார்த்தைதான் உயிர். அந்த ஒரு வரி மட்டும் விழுது, மீதி ஒப்பந்தம் நிக்குது, வேலை நிக்குது. கையெழுத்து போட்டிருந்தாலும் செல்லாதது செல்லாததுதான்.

உடலுழைப்பு வேலை பாக்கறவங்க அடிப்படைச் சம்பளம் மாசம் 4,500 வெள்ளி வரைக்கும், மத்தவங்க 2,600 வெள்ளி வரைக்கும் இருந்தா ஓவர்டைம் விதி அவங்களுக்குப் பொருந்தும், மணிக்கூலியைப் போல குறைஞ்சது ஒன்றரை மடங்கு தரணும். வீட்டுப் பணிப்பெண்கள், கப்பல் மாலுமிகள், அரசாங்க ஊழியர்கள் இந்தச் சட்டத்துக்குள்ள வர மாட்டாங்க, அவங்களுக்கு வேற விதிகள். சம்பள முறையீட்டை வேலைத் தகராறுகளைப் பாக்கற டிஏடிஎம்-ல பதியணும், வேலையில இருந்தா பிரச்சினை வந்து ஒரு வருஷத்துக்குள்ள, வேலையை விட்டுட்டா ஆறு மாசத்துக்குள்ள. இந்தக் கணக்கை விட்டுடாதீங்க.

பர்மிட் விஷயத்துல வாய்ட்ங்கற வார்த்தையே பேச்சுல வராது. வேலை முடிஞ்சா கேன்சல், மனிதவள அமைச்சு பிடுங்கினா ரிவோக். யாராவது "உன் பர்மிட்டை வாய்ட் பண்ணிடுவேன்"னு மிரட்டினா எதைச் சொல்றீங்கன்னு திருப்பிக் கேளுங்க.

கல்யாணம் வாய்டாகுமா? அதுவும் விவாகரத்தும் ஒண்ணா?

ஒண்ணு இல்ல. விவாகரத்துல கல்யாணம் நடந்தது நிஜம், அதை முடிக்கிறோம். வாய்ட்ல கல்யாணமே நடக்கலன்னு சட்டம் சொல்லுது. 1961-ல வந்த விமன்ஸ் சார்ட்டர்ங்கற கல்யாணச் சட்டப்படி, ஏற்கெனவே சட்டப்படியோ மதப்படியோ வழக்கப்படியோ கல்யாணம் ஆனவர் அது முடியாம இன்னொண்ணு பண்ணா ரெண்டாவது வாய்ட். ஊர்ல கோயில்ல தாலி கட்டினது கணக்குல வராதுன்னு நினைச்சு இங்க வந்து பதிவு பண்றவங்க இதை நல்லாப் படிக்கணும். குடிநுழைவு வசதிக்காக காசு குடுத்துப் பண்ற போலிக் கல்யாணமும் 2016 திருத்தத்துக்குப் பிறகு வாய்ட்.

வாய்டபிள் கல்யாணம் தனி. தாம்பத்தியம் நடக்கவே இல்ல, வற்புறுத்தி சம்மதம் வாங்கினாங்க, இந்த மாதிரி. அதுல ஒருத்தர் கோர்ட்டுக்குப் போய் கேட்டாதான் விழும். விவாகரத்துக்கு சாதாரணமா மூணு வருஷம் காத்திருக்கணும், இதுக்கு அந்தக் காத்திருப்பு கிடையாது. முஸ்லிம் கல்யாணங்களுக்கு விமன்ஸ் சார்ட்டரோட இந்தப் பகுதி இல்ல, ஷரியா நீதிமன்றம் பாக்கும். இதுக்கு மேல சொந்தக் கதைன்னா வக்கீலைப் பாருங்க, என்னால வார்த்தையை மட்டும்தான் விளக்க முடியும்.

கடையில "வாய்ட் பண்ணு"ன்னு கத்தறாங்களே, அது?

கேஷியர் தப்பா தட்டினதை எடுக்கறது. ஒரு பால் பாக்கெட்டுக்கு ரெண்டு தட்டிட்டா அந்த ஒரு வரியை வாய்ட் பண்ணுவாங்க, அதுக்கு சூப்பர்வைசர் கார்டு வேணும், அதான் கூப்பிடறாங்க. கார்டுல காசு கட்டின பிறகு தப்பு தெரிஞ்சா, மெஷின் அன்னிக்குக் கணக்கை முடிச்சு பேங்குக்கு அனுப்பற செட்டில்மென்ட் பண்றதுக்கு முன்னாடின்னா வாய்ட், காசு கடைக்குப் போகவே போகாது. செட்டில்மென்ட் ஆயிடுச்சுன்னா ரீஃபண்ட்தான், சில நாள் ஆகும். வாய்ட் ஸ்லிப்பை வாங்கி வச்சுக்கோங்க.

வாரண்டி வாய்ட்?

உத்தரவாதம் செல்லாம போச்சு. போனைத் திறந்தா கிழியற மாதிரி ஒட்டின ஸ்டிக்கர் கிழிஞ்சிருக்குன்னு போன் கடையில காட்டுவாங்க.

செல்லாத ஓட்டுக்கும் வாய்டுதானா?

இங்க பேச்சுல ஸ்பாயில்ட் வோட், முடிவு அறிவிக்கும்போது ரிஜெக்டட் வோட், நிராகரிக்கப்பட்ட வாக்கு. வாய்டுன்னு சொல்றது குறைவு. ஆனா ஒருத்தர் ஜெயிச்ச தேர்தலையே கோர்ட் வாய்டுன்னு அறிவிக்க சட்டத்துல இடம் இருக்கு, அது வேற.

கான்டோ விளம்பரத்துல வாய்ட் ஏரியான்னு போட்டிருக்கே?

உயரமான கூரை இருக்கற வீட்ல மேல இருக்கற வெறும் காத்து. தரை கிடையாது, நிக்க முடியாது. முன்னாடி அதையும் சதுர அடியில சேத்து வித்தாங்க. 2023 ஜூன் 1-ல இருந்து நடைமுறைக்கு வந்த புது விதியில அந்த வெற்றிடத்தைப் பரப்பளவுல சேக்கறது இல்ல. பழைய விதிப்படி கட்டின வீட்டை ரீசேல்ல வாங்கும்போது, சொல்ற சதுர அடியில காத்து எவ்ளோ, தரை எவ்ளோன்னு பிளானை விரிச்சு வச்சுக் கேளுங்க.

சீட்டாட்டத்துல, கம்ப்யூட்டர்ல?

பிரிட்ஜ்ல 13 சீட்டு வந்து அதுல ஒரு ஹார்ட்டின் கூட இல்லன்னா நீங்க ஹார்ட்டின்ல வாய்ட், துருப்பு வச்சு வெட்டலாம். தேசிய சேவை (என்எஸ்) பையனுங்க ஃப்ளோட்டிங் பிரிட்ஜ்ங்கற சீட்டாட்டம் ஆடும்போது இதைத்தான் சொல்றாங்க. சி, ஜாவா மொழியில ஒரு ஃபங்ஷனுக்கு முன்னாடி வாய்டுன்னு போட்டா அது வேலையைச் செய்யும், ஆனா எந்த மதிப்பையும் திருப்பித் தராது. பாலிடெக்னிக் பிள்ளைங்க செல்லாதுன்னு மொழிபெயர்க்காதீங்க.

"ஷி லெஃப்ட் எ வாய்ட்"னு இரங்கல் செய்தியில வருது. தமிழ்ல எப்படி எழுதறது?

"ஒரு வெற்றிடத்தை விட்டுச் சென்றார்"னு எல்லாரும் எழுதறாங்க. தப்புன்னு சொல்ல மாட்டேன், ஆனா எனக்கு அது மனசுல ஒட்டறது இல்ல, வெற்றிடம் அலுவலகத்துல ஆள் எடுக்கறதுக்கு சொல்ற மாதிரி இருக்கு. நம்மகிட்ட இதுக்குன்னே வெறிச்சுங்கற சொல் இருக்கு. வீடே வெறிச்சோடிப் போச்சு. மனசு வெறிச்சுனு இருக்கு.

எங்க பக்கத்து வீட்டு அத்தை போன வருஷம் இறந்தாங்க. தினம் சாயங்காலம் அஞ்சு மணிக்கு கீழ அந்தக் கல் மேசையில உக்காந்து வெங்காயம் உரிச்சுக்கிட்டே லிஃப்டுக்குப் போற வர்ற எல்லாரையும் "சாப்டியா"ன்னு கேப்பாங்க, சீனப் பாட்டிங்களையும் அதே தமிழ்லதான் கேப்பாங்க, அவங்களும் தலையாட்டிட்டுப் போவாங்க. இரங்கல் நோட்டீஸுக்கு தமிழ் வாசகம் எழுதித் தரச் சொல்லி அவங்க மகன் வந்தாரு. வெற்றிடம்னு எழுதி அடிச்சுட்டு, "அம்மா இல்லாம புளோக்குக்கு கீழ வெறிச்சுனு இருக்கு"ன்னு எழுதிக் குடுத்தேன். பேச்சுத்தமிழா இருக்கேன்னு மொதல்ல யோசிச்சாரு, அப்புறம் அதையே போட்டுட்டாரு.